ஃபில்டரைக் கழுவுவதும் கைராசியும்



போன மாதம் எங்கள் வீட்டு மீன்தொட்டிப் படத்தைப் போட்டாலும் போட்டேன், ஒரே கேள்வி மழை. "டீச்சர், தண்ணி எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?", "அத்தை, ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவுறீங்க?", "டீச்சர், நாங்க வாங்குற மீனெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்கலையே, ஏன்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இப்போது பத்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா?

தொட்டி என்னுடையது இல்லை, பேரனுடையது. 2019-இல் மகன் வாங்கிக் கொடுத்தான். அவனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் ஆனபோது பேரன், "ஆச்சி, நீங்க பாத்துக்கோங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். இரண்டு கன அடி என்றால் சுமார் 56 லிட்டர். மணலும் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோலி ஆறு இருக்கிறது. கப்பி எத்தனை என்று கேட்காதீர்கள். இன்று எண்ணினால் நாளைக்குக் கூடியிருக்கும். மோட்டாரோடு சேர்ந்த சின்ன ஃபில்டர் ஒன்று தண்ணீருக்குள் மூலையில் ஒட்டியிருக்கிறது. அதன் கூட்டுக்குள் ஒரே ஒரு ஸ்பாஞ்சு. உங்களில் பலர் வீட்டிலும் இதே வகைதான் இருக்கும்.

முதல் கேள்விக்கு முதல் பதில்: தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, தண்ணீர் நன்றாக இருப்பது வேறு. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் மீன் செத்து மிதக்கும். லேசாகப் பழுப்பு ஓடிய தண்ணீரில் வருடக்கணக்கில் நீந்தும். கண்ணுக்குத் தெரியும் தூசியை வடிகட்டுவது ஃபில்டரின் சின்ன வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது.

அதை நீங்கள் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள். நைட்ரஜன் சுழற்சி ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையில் மேகம், மின்னல், மாடு, நிலக்கடலைச் செடி எல்லாம் வரைந்து அம்புக்குறி போடுவேன். மாட்டைப் பார்த்து "டீச்சர், இது நாயா?" என்று கேட்டவன் இன்று கால்நடை மருத்துவர். அந்தப் படத்தில் ஒரு மூலையில் அம்மோனியா நைட்ரைட்டாகும், நைட்ரைட் நைட்ரேட்டாகும் என்று இரண்டு அம்புக்குறி இருக்கும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த இரண்டு அம்புக்குறிதான் மீன்தொட்டியின் உயிர்.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியிலிருந்தும் இன்னும் கொஞ்சம் வரும். ஆற்றில் இது ஒரு பொருட்டே இல்லை, அடித்துக்கொண்டு போய்விடும். 45 லிட்டர் பெட்டிக்குள் எங்கே போகும்? சேர்ந்துகொண்டே இருக்கும். அம்மோனியா செவுளை எரிக்கும் விஷம். தண்ணீர் சூடாகச் சூடாக, காரத்தன்மை கூடக் கூட, அந்த விஷம் கடுமையாகும். நம்ம ஊர் வெயிலையும் போர்த் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள்.

இதைச் சாப்பிட்டு வாழ்கிற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது போய்விடும். மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-ஐ ஒட்டிப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. நீங்கள் உருப்போட்டது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களை. வீட்டு மீன்தொட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். பெயர் எதுவானால் என்ன, மீனுக்கு விஷம் போனால் சரி.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழும். ஆக்சிஜனும் வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற, லட்சம் துளையுள்ள ஸ்பாஞ்சைவிட நல்ல வீடு அவற்றுக்கு எது? நீங்கள் ஃபில்டரைத் திறந்ததும் "சீ" என்று முகம் சுளிக்கிறீர்களே, அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் அவை குடியிருக்கின்றன. மற்ற பாக்டீரியாக்கள் போல அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிற ஜாதியும் இல்லை. இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அழிக்க ஐந்து நிமிடம் போதும், குழாயைத் திறந்தால் சரி.

ஏன் குழாய் என்கிறேன்? குழாயில் வருவது நம்ம தாமிரபரணித் தண்ணீர், அதைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் உண்டா என்று நம்ம ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவீர்கள். நானும் வருவேன். ஆனால் குடிநீரில் கிருமி இருக்கக்கூடாது என்றுதான் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அப்படிக் கலந்தால் வீட்டுக் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு. நமக்கு அது பாதுகாப்பு. குளோரினுக்கு வயிற்றுப்போக்குக் கிருமி எது, மீன்தொட்டிப் பாக்டீரியா எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாணவி பேசினாள். பெயர் சொல்ல மாட்டேன். எழுதிக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? கைராசின்னு உண்மையிலேயே ஒண்ணு இருக்கா?" என்று ஆரம்பித்தாள். கல்யாணமாகி மூன்று வருடம். புகுந்த வீட்டில் ஒரு மீன்தொட்டி. வாஸ்துவுக்காக யாரோ சொல்லி வாங்கியது. கோல்டு ஃபிஷ் நாலு. சுத்தம் செய்வது இவள் பொறுப்பு. மீன் சாகும், புதிதாக வாங்கிவிடுவார்கள், அதுவும் சாகும். முதலில், வீட்டுக்கு வர இருந்த கண்திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்றார்களாம். ஐந்தாவது, ஆறாவது மீன் செத்தபோது பேச்சு திரும்பிவிட்டது. "இவ கை பட்டாலே ஆகமாட்டேங்குது." ஊரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது, "மீன்கூடத் தங்க மாட்டேங்குதே இந்த வீட்டுல" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தாராம்.

என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வாத்தியார் வேலைதான் தெரியும். கேள்வி கேட்டேன். "சுத்தம் எந்தக் கிழமை பண்ணுவே?" ஞாயிறு. "மீன் எந்தக் கிழமை சாகுது?" யோசித்தாள். "பெரும்பாலும் புதன், வியாழன் டீச்சர். அதுக்கு முந்தின நாளே மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்." "எப்படிக் கழுவுவே?" அவள் சொல்லச் சொல்ல எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மீனைக் குண்டானில் எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுவாளாம். மணலை அரிசி களைவதுபோலப் பத்துத் தண்ணீரில் களைவாளாம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேர் என்று வந்ததும் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து மாட்டுவாளாம். வாரம் தவறாமல். கூடத்தில் உட்கார்ந்து கைராசி பேசியவர்களில் ஒருவர்கூட அந்த ஸ்பாஞ்சைத் தொட்டதில்லை.

கணக்கு எப்படிப் போகிறது பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குளோரினும் பிரஷும் வெயிலும் சேர்ந்து பாக்டீரியாக் குடியிருப்பை முழுவதுமாக அழித்துவிடுகின்றன. மணலில் இருந்ததும் போச்சு. திங்கள், செவ்வாய் அம்மோனியா ஏறுகிறது. கோல்டு ஃபிஷ் மற்ற சின்ன மீன்களைவிட அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும். இரண்டடித் தொட்டியில் நாலு என்பதே அதிகம். செவ்வாய் மாலை செவுள் எரிந்து மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கிறது. புதன்கிழமை முடிந்தது. நாலு முதல் ஆறு வாரத்தில் குடியேற வேண்டிய பாக்டீரியாவை ஏழாம் நாள் மறுபடி அழித்தால் எந்த மகராசியின் கையில் மீன் தங்கும்? அவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும்.

"உங்க மாமியார்கிட்ட நான் பேசவா?" என்றேன். "வேண்டாம் டீச்சர், வீட்டு விஷயத்தை வெளிய சொன்னேன்னு ஆகும்" என்றாள். அதுவும் நியாயம்தான். "சரி, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். வந்தார்கள். நல்ல பையன். ஆனால் ஸ்பாஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. என் தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் சொல்லிக் கொடுத்ததைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்விட்சை அணைப்பது போதாது, பிடுங்கவே வேண்டும். ஈரக்கையும் மின்சாரமும் சேரும் இடம். அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டார் வயர் தொட்டியிலிருந்து நேராக ப்ளக்குக்குப் போகக்கூடாது. ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். வயர் வழியாகத் தண்ணீர் ஓடிவந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது.

பிறகு ட்யூப் வைத்து உறிஞ்சி, அடியில் இருக்கும் குப்பையோடு தொட்டித் தண்ணீரில் கால் பங்கை ஒரு வாளியில் இறக்குங்கள். அந்த வாளி மீன்தொட்டிக்கு மட்டும்தான். சோப்புத் தூள் ஊறவைத்த வாளி கூடவே கூடாது. ஃபில்டரை நேராக மேலே இழுத்தால் ஸ்பாஞ்சிலிருந்து அழுக்கு தொட்டி முழுக்கக் கலங்கும். ஒரு பாலித்தீன் பையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, ஃபில்டரைப் பைக்குள் வாங்கி, பையோடு தூக்குங்கள். இது பேரன் கண்டுபிடித்த வித்தை.

இறக்கி வைத்திருக்கும் அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் ஸ்பாஞ்சை அமுக்கி இரண்டு மூன்று தடவை பிழியுங்கள். தண்ணீர் டிகாஷன் மாதிரி வரும். போதும், நிறுத்திவிடுங்கள். தெளிவாக வரும்வரை பிழியக்கூடாது. தண்ணீர் தடையில்லாமல் உள்ளே போக வழி விட்டால் போதும், ஸ்பாஞ்சு வெள்ளையாக வேண்டிய அவசியமே இல்லை. பழுப்பாகவே மாட்டுங்கள். பிழிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஃபில்டருக்குள் செராமிக் வளையங்கள் இருந்தால் அதே தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். கரி இருந்தால் அது சில வாரத்தில் தன் வேலையை முடித்துவிடும். பிறகு மாற்ற வேண்டும். ஆனால் தினப்படிக்குக் கரி அவசியமில்லை. மீனுக்கு மருந்து போடும்போது கரியை எடுத்துவிடுங்கள், மருந்தையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். "மாசம் ஒரு தடவை புது ஸ்பாஞ்சு மாத்துங்கம்மா" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பாஞ்சு நைந்து உதிரும்வரை மாற்ற வேண்டாம். மாற்றும்போதும் பழையதில் பாதியை வெட்டிப் புதியதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டுப் பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும்.

மோட்டார் பக்கத்தில் ஒரு மூடி இருக்கும். திறந்தால் உள்ளே காந்தத்தோடு சேர்ந்த சின்னச் சக்கரம், கடைக்காரர் இம்பெல்லர் என்பார். இதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். ஃபில்டர் திடீரென்று கர்ரென்று சத்தம் போட்டால், தண்ணீர் வேகம் குறைந்தால், பெரும்பாலும் குற்றவாளி இதுதான். வழுவழுப்பும் முடியும் சுற்றியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் சக்கரத்தையும் அது உட்காரும் குழியையும் சுத்தம் செய்யுங்கள். இதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஒன்றும் பாதகமில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய அச்சுக் கம்பி சிலவற்றில் செராமிக்கால் ஆனது, பென்சில் முனை போல ஒடிந்துவிடும், மெதுவாகப் பிடியுங்கள். போர்த் தண்ணீர்க்காரர்களுக்கு வெள்ளை உப்புப் படிவு பிடித்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் அரைமணி ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசி மாட்டுங்கள். சோப்பு மட்டும் எதற்கும் கிடையாது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். குறைந்தால் பிழியுங்கள். எனக்கு மூன்று, நாலு வாரம் ஆகிறது. கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். தண்ணீர் மாற்றுவது தனி வேலை. அது வாரம் ஒரு முறை, கால் பங்கு. புதுத் தண்ணீரை முந்தின நாளே அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். ஃபில்டர் பிழிகிற அன்றைக்கே மணலையும் கிளறி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

மின்தடை பற்றியும் ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலைதான் வரும். அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடாவிட்டால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். மூடிய டப்பா போன்ற பெரிய ஃபில்டர்களில் இது மோசம். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வரும். அதனால் அன்று தீனி போடாதீர்கள். இடையிடையே ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும். கரண்ட் வந்ததும் ஸ்பாஞ்சை ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பிப் பம்புக்குள் இறங்கிவிடும்.

இனி அந்தப் பிள்ளைகளின் கதை. அன்று என் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிப் பாலில் ஊற்றுகிறோமே, அதே விஷயம்தான். உறையே இல்லாத பால் எத்தனை நாள் வைத்தாலும் நல்ல தயிர் ஆகாது, திரிந்துதான் போகும். புது ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் பழைய ஸ்பாஞ்சை வைத்துவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கோல்டு ஃபிஷ் வேண்டாம், மூன்று மோலி போதும், தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் என்றேன். அந்தத் தம்பியிடம், "இனிமே பிழியிற வேலை உங்களது" என்றும் சொல்லி அனுப்பினேன். தலையாட்டினார்.

இரண்டு மாதம் ஆகிறது. மூன்று மோலியும் இருக்கின்றன. அவர்தான் பிழிகிறாராம், ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறாராம். மாமியார் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "கடை மாத்தி வாங்குனோம்லா, அதான் தங்குதுன்னு சொல்றாங்க டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். போனில் அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு. ஸ்பாஞ்சின் மீதிப் பாதியோடு புது ஸ்பாஞ்சு வைத்து இப்போது அதுவும் நன்றாகப் பழுத்துவிட்டது. என் தொட்டியில் எந்த நோயும் இல்லை. புதுத் தொட்டி வைக்கிறவர்கள், மீன் தங்காமல் தவிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குள் மூடியுள்ள ஒரு டப்பா எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். போகிற வழியில் காயவிடாதீர்கள், வண்டி டிக்கியில் வெயிலில் வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டிக்குள் போட்டுவிடுங்கள். காப்பி உண்டு. வெளியூர்க்காரர்கள் உங்கள் தெருவில் பழைய தொட்டி வைத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள்.